சிரிப்புப் படத்துக்கு ஒரு ஒப்பாரி

படம் எடுக்கிறவர்களைப் பார்த்து ஊரே சிரிக்கவேண்டும் என்று செங்கோடனுக்கு ஒரு வெறி. நியாயமான வெறிதான். சேலத்தில் அந்த ஸ்டுடியோவுக்குள் கால் வைத்த நாள் முதல் அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மகாராஜா படத்தில் யானைக்குப் பதிலாக எருமையை நிறுத்தி, தும்பிக்கையைத் துணியில் தைத்து மாட்டினார்கள். எருமை மிரண்டு ஓடியபோது பின்னாலேயே ஓடிப் பிடித்துவரச் சொன்னது செங்கோடனைத்தான். கதாநாயகி குளத்தில் குதிக்கிற காட்சியில் அந்த அம்மாள் ஜலதோஷம் பிடிக்கும் என்று கரையில் உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய சேலையைச் சுற்றிக்கொண்டு மார்கழிக் குளிரில் குதித்ததும் இவன்தான். கதை என்னவென்று கடைசிவரை டைரக்டருக்கே தெரியாது. பணம் போடுகிறவர் காலையில் புராணப் படம் என்பார். மத்தியானம் சாப்பிட்டு எழுந்தால் சமூகப் படம் என்பார். சாயங்காலத்துக்குள் கிருஷ்ணன் வேஷக்காரனுக்குக் கோட்டுத் தைக்க அளவெடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இதையெல்லாம் உள்ளது உள்ளபடி எடுத்துக் காட்டினால் போதும், சனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவார்கள் என்று அவன் நம்பினான். பாவம், தான் அழுத இடங்களையெல்லாம் பொறுக்கி எடுத்துத்தான் சிரிப்புப் படம் கட்டுகிறோம் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் குடியானவர் வீட்டுப் பிள்ளை அவன். ஏர் பிடிக்கவேண்டியவனை நாடகக் கம்பெனி இழுத்துக்கொண்டு போனது, அங்கிருந்து சினிமா இழுத்தது. ராஜபார்ட் ஆகிற ஆசை குரல் உடைந்த வயதிலேயே போய்விட்டது. உடைந்த குரல் அப்புறம் சேரவே இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே கீச்சென்று மேலே ஏறும், ஏறிய வேகத்தில் தொப்பென்று விழும். நல்லதைச் சொன்னாலும் கெட்டதைச் சொன்னாலும் எதிரில் இருக்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள். அதை வைத்துத்தான் அவன் சோறு சாப்பிட்டான்.

ஸ்டுடியோ முதலாளியிடம் போய், இப்படி ஒரு படம் எடுக்கிறேன் என்று கேட்டான். முதலாளியைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. சிரிப்பு அவருக்கும் பிடிக்கும், டிக்கட்டு வாங்கிக்கொண்டு வருகிற சிரிப்பாக இருந்தால்.

"என்னையே கேலி பண்ணி, என் செலவுலயே படமா? சரி, எடு" என்றார். "பெரிய படத்துக்கு முன்னாடி ஓட்டிக்கலாம். ஆனா கொட்டகை சிரிக்கணும். சிரிக்கலேன்னா அப்புறம் இந்த கேட்டுக்குள்ள உன்னைப் பார்க்கப்படாது. யுத்த காலம், பிலிம் கிடைக்கிறதே குதிரைக் கொம்பா இருக்கு. ஒருக்கா எடுத்ததுதான். ரெண்டாந் தடவை கேக்காதே."

படத்துக்குப் 'பொய்யூர் டாக்கீஸ்' என்று பேர் வைத்தான். எருமை வந்தது, குளம் வந்தது, கிருஷ்ணனுடைய கோட்டு வந்தது. எல்லாவற்றுக்கும் உச்சமாக ஒரு சாவுக் காட்சி. செங்கோடன் அதில் ஒரு துணை நடிகன். பேசவேண்டியதில்லை, சாப்பாடும் போடவேண்டியதில்லை என்று அவனைப் பிணமாகப் படுக்க வைத்துவிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு பட்டிக்காட்டுப் பொம்பளை ஒப்பாரி வைக்கிறாள். பசி தாங்காத பிணம் தலைமாட்டில் இருக்கிற வாழைப்பழத்தை மெல்ல எடுத்துத் தின்கிறது. படத்தில் வருகிற முதலாளி "கட், கட்" என்று கத்துகிறார். கட் என்றால் என்னவென்று அந்தப் பொம்பளைக்குத் தெரியாது. நிறுத்தாமல் அழுகிறாள். கடைசியில் முதலாளி அவள் காலில் விழுகிறார். இதுதான் காட்சி. காகிதத்தில் படித்த எல்லோரும் சிரித்தார்கள்.

அழுகிறவளாகப் போட ஸ்டுடியோ நடிகைகளைப் பார்த்தான். கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு, கொண்டை கலையாமல் அழுதார்கள். பொய்க்கு நடுவில் ஒரு மெய்யான ஒப்பாரி இருந்தால்தான் பொய் சிரிப்பாகத் தெரியும் என்று செங்கோடன் கணக்குப் போட்டான். மெய்யான ஒப்பாரிக்கு அவன் வேறெங்கும் போகவேண்டியதில்லை. அவனுடைய அக்காள் ஆராயி இருந்தாள்.

ஆராயியைப் பற்றிச் சொல்லவேண்டும். சுற்று வட்டாரத்தில் எங்கே சாவு விழுந்தாலும் அவள் போய்க் கட்டிக்கொண்டு அழுதால்தான் அது சாவு வீடு. ஆனால் அவள் வீட்டுச் சாவுக்கு யாரும் வரவில்லை. வாந்திபேதி வந்த வருஷம் அது. புருஷன் முன்பே போய்விட்டான், இருந்தது நாச்சிமுத்து என்று ஒரே பையன். ராத்திரி படுத்தவன் விடியுமுன் போய்விட்டான். சர்க்கார் ஆட்கள் வந்து, பாயில் சுற்றி எடுத்துப்போய், சுண்ணாம்பைக் கொட்டிப் புதைத்துவிட்டார்கள். தெரு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டது. உயிர்ப் பயம், யாரைக் குற்றம் சொல்வது. தாய்மாமன் கோடித்துணி கொண்டுவந்து போர்த்தவேண்டும். அந்த மாமன், செங்கோடன், திண்டுக்கல் பக்கம் நாடகத்தில் பபூன் வேஷம் கட்டிக்கொண்டிருந்தான். அவன் வந்து சேர்ந்தபோது குழிமேட்டில் புல் முளைத்துவிட்டது.

அதற்கப்புறம் ஆராயி ஊர்ச் சாவுக்கெல்லாம் அழுதாள், தன் பிள்ளைக்கு மட்டும் அழவில்லை. கேட்டால் ஒன்றே ஒன்று சொல்வாள்.

"ஒத்தையில அழுவறது அழுவையாங்க? கட்டிப்புடிக்க நாலு பொம்பளைங்க வேணுமில்லீங்களா. எம் பையனுக்கு ஊரு கூடி ஒருக்கா அழுவோணும்."

ஆறிப்போன துக்கத்தை மறுபடி எடுக்கக் கூடாது என்று ஊரில் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் அந்த ஒரு தரம் அவளுக்கு வாய்க்கவே இல்லை. நெஞ்சில் கட்டியாக அது அப்படியே கிடந்தது.

தம்பி வந்து படத்தில் அழச் சொன்னதும் ஆராயி பதறிப்போனாள்.

"என்ன பேச்சுச் சாமி இது? உசுரோட இருக்கற தம்பிய படுக்க வெச்சு நான் ஒப்பாரி சொல்றதா? நாக்கு அழுகிப் போவாதா எனக்கு?"

"நெசமாவா சொல்லச் சொல்றேன். கூத்துதானக்கா. என்னைய நெனைக்காத. வேற யாரையாச்சும் நெனைச்சுக்கிட்டுப் பாடு."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான் பாருங்கள். வேறு யாரை நினைப்பாள் என்று ஒரு கணம் யோசித்திருந்தால் அங்கேயே எழுந்து போயிருப்பான். அவனுக்கு அப்போது படம்தான் கண்ணில் நின்றது. ஆராயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "வாரேன் போ" என்றாள்.

ஸ்டுடியோவில் பாடை கட்டி, தலைமாட்டில் நெல்லும் தேங்காயும் வாழைப்பழமும் வைத்துச் செங்கோடனைப் படுக்கப் போட்டார்கள். ஆராயி விளக்குகளைப் பார்க்கவில்லை, காமிராவைப் பார்க்கவில்லை. வந்தாள், முடியை அவிழ்த்துவிட்டாள், உட்கார்ந்தாள். முதல் குரலிலேயே சத்தம் பதிவு செய்கிற ஆரோக்கியசாமி காதில் மாட்டியிருந்ததை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தெருவே கதவடைக்க
தெக்கால போனாயே
சுண்ணாம்பு மெத்தையில
சுருண்டு படுத்தாயே

அழுவ ஆளில்ல
அணைக்கக் கையில்ல
மாமன் வருவான்னு
மருகிக் கெடந்தாயே
கோடித் துணியில்ல
கோரப்பாய் தானாச்சே
நாச்சிமுத்து நாச்சிமுத்துன்னு அழ
நாதி இல்லாமப் போனாயே"

கண்ணை மூடிப் படுத்திருந்த செங்கோடனுக்கு அது தனக்கான ஒப்பாரி அல்ல என்று தெரிந்துபோனது. அந்தப் பேரை அக்காள் வாயிலிருந்து கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. எழுந்து அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும் என்றிருந்தது. ஆனால் காமிரா ஓடிக்கொண்டிருந்தது. பிலிம் ஒரு தடவைதான். அவன் கையை நீட்டி, திட்டப்படி வாழைப்பழத்தை எடுத்து உரித்து வாயில் போட்டுக்கொண்டான். விழுங்கத்தான் முடியவில்லை.

'கட்' என்று கத்தவேண்டிய நடிகர் கத்த மறந்து நின்றுவிட்டார். ரீல் தானாகத் தீர்ந்துபோகிறவரை ஆராயி அழுதாள்.

"இது சிரிப்பாப்பா?" என்று கேட்டார் ஆரோக்கியசாமி. அவர் கண் சிவந்திருந்தது.

"நான் பழம் திங்கறப்போ சிரிப்பாங்க, பாருங்க" என்றான் செங்கோடன். அவன் குரலைக் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர் லேசாகச் சிரித்தார். அதில் செங்கோடனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

திருச்செங்கோட்டில் டெண்டுக் கொட்டகையில் முதல் ஆட்டம் போட்டார்கள். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார், செங்கோடன் பக்கத்தில் நின்றான். ஆராயி வரமாட்டேன் என்றுவிட்டாள். தம்பியைப் பிணமாகப் பார்க்க அவளால் ஆகாதாம்.

எருமைக்குத் தும்பிக்கை மாட்டினார்கள். கொட்டகை சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்டுடியோ என்று ஒன்று இருப்பதையே அறியாத சனங்களுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது? "வாயில்லாச் சீவன், மூச்சு முட்டுதாட்ட இருக்குது" என்றார் ஒரு கிழவர். கதாநாயகிக்குப் பதிலாகச் செங்கோடன் குளத்தில் குதித்தபோது, "குளுருல இப்பிடிப் போட்டு வதைக்கறாங்களே, பாவம்" என்று பெண்கள் பக்கத்தில் உச்சுக்கொட்டினார்கள். முதலாளி நாற்காலியில் நெளிந்தார். சாவுக் காட்சி வரட்டும் என்று செங்கோடன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

வந்தது. ஒலிபெருக்கியிலிருந்து ஆராயியின் குரல் புறப்பட்டது.

ஒப்பாரிக் குரல் காதில் விழுந்தால் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிற பழக்கம் அந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கிடையாது. யார் வீட்டுச் சாவு என்றுகூடக் கேட்கமாட்டார்கள். எழுந்து போய்த் தோளைக் கட்டிக்கொண்டு, அவரவர் பறிகொடுத்ததைச் சொல்லி அழுவார்கள். மணலில் உட்கார்ந்திருந்த பெண்களில் முதலில் ஒருத்தி விசும்பினாள். அடுத்தவள் அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு ஒரு பக்கமே எழுந்துவிட்டது. முடியை அவிழ்த்துவிட்டு வட்டம் கட்டி, திரையில் அழுகிறவளோடு சேர்ந்து நாச்சிமுத்து, நாச்சிமுத்து என்று அழுதார்கள். ஆண்கள் பக்கத்தில் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். திரையில் பிணம் வாழைப்பழம் தின்றது. யாரும் பார்க்கவில்லை. பார்த்த ஒருவர், "உசுரு இருக்குதுங்க, கொண்டுபோயிறாதீங்க" என்று குரல் கொடுத்தார்.

படத்தை ஓட்டுகிறவன் மெஷினை நிறுத்திவிட்டான். பெரிய படம் பார்க்க ஆளில்லை. அழுது முடித்த பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு, குளிக்கவேண்டும் என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். சாவுக்குப் போய்வந்தால் குளிக்காமல் எப்படி.

முதலாளி கத்தவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சிரிப்புப் படம்னியே செங்கோடா" என்றார். அவ்வளவுதான். செங்கோடனுக்கு ஸ்டுடியோ வாசல் அன்றோடு மூடியது.

அதையாவது அவன் தாங்கிக்கொண்டிருப்பான். அன்று கொட்டகையில் இருந்த பெண்களில் ஒருத்தி சாலம்மாள், ஆராயிக்கு அடுத்த வீட்டுக்காரி. வாந்திபேதி வருஷத்தில் கதவைச் சாத்திக்கொண்டவர்களில் அவளும் ஒருத்தி. ஊர் திரும்பியதும் நேராக ஆராயியிடம் போய், கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

"அக்கா, உம் பையனுக்கு நாங்க அத்தனை பேரும் கட்டிக்கிட்டு அழுதோமக்கா. கொட்டாயே அழுதுது."

ஆராயிக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. இத்தனை வருஷமாக எதற்காகக் காத்துக்கொண்டிருந்தாளோ அது நடந்துவிட்டது. அவள் இல்லாமல் நடந்துவிட்டது. செங்கோடன் பார்க்க வந்தபோது அவள் வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"ஊரே அழுதிருக்குது சாமி. பெத்தவ நான் மட்டும் அங்க இல்ல. அதை இன்னொருக்கா போடச் சொல்லு. இவளுகளையெல்லாம் கூட்டிக்கிட்டு வாரேன். அன்னைக்கு நான் என்ன பாடுனன்னே எனக்குத் தெரியல. அது பாட்டுக்கு வந்துது, போச்சுது. எனக்கு அதைக் கேக்கோணும். ஒருக்கா போதும்."

"போடறேனக்கா" என்றான்.

சேலத்துக்குப் போய்ப் பின்பக்கமாக ஆரோக்கியசாமியைப் பிடித்தான். அவர் அவனை உட்காரவைத்துச் சொன்னார்.

"போயிடுச்சுப்பா. பிலிமுல வெள்ளி இருக்குல்ல, அதைக் கழுவி எடுக்கிறவங்க பட்டணத்துலேருந்து வந்தாங்க. ஓடாத படமெல்லாம் முதலாளி மூட்டை கட்டிக் கொடுத்துட்டாரு. படமும் போச்சு, சத்தமும் போச்சு. உங்க அக்கா குரல மட்டும் எடுத்து வெச்சுக்கிறேன்னு கேட்டேன். எதுக்கு வீணான்னுட்டாரு."

கரிப் புகை விட்டுக்கொண்டு போகிற பஸ்ஸில் செங்கோடன் ஊருக்குத் திரும்பினான். இல்லை என்று சொல்ல எந்த வார்த்தையை எடுப்பது என்று வழிநெடுக யோசித்தான். ஒன்றும் அகப்படவில்லை. போய்ப் பார்த்தால் ஆராயி வாசலைப் பெருக்கிச் சாணி தெளித்து, பாய் விரித்திருந்தாள். தம்பி வருகிற நாளைத் தெரிந்துகொண்டு தெருப் பெண்களையெல்லாம் கூப்பிட்டிருந்தாள். அதே தெருவில் அன்று கதவைச் சாத்திக்கொண்டவர்கள், இன்று ஒருத்தி பாக்கியில்லாமல் வந்து முடியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். படம் என்றால் அவன் ஒரு பெட்டியில் வைத்து எடுத்துவருவான் என்று ஆராயி நினைத்திருந்தாள்.

அவன் வெறுங்கையோடு நின்றான். நடந்ததைச் சொன்னான். ஆராயி சத்தம் போடவில்லை. "அட கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாயில் உட்கார்ந்துவிட்டாள். நீயே இப்போது பாடேன் அக்கா என்று சாலம்மாள் தோளைத் தொட்டாள். ஆராயி வாயைத் திறந்து பார்த்தாள். வரவில்லை. அழுகை கேட்ட நேரத்துக்கு வருகிற சாமானா?

அப்போது செங்கோடனுக்கு ஒன்று தோன்றியது. அந்தப் பாட்டை அவள் பக்கத்திலேயே கிடந்து முழுக்கக் கேட்டவன் அவன்தான். பிணமாகப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தான். அது அவனை விட்டுப் போகவும் இல்லை.

"எனக்கு மனப்பாடமா இருக்குதக்கா. நான் சொல்றேன். நீ கேளு, கேட்டா உனக்கு வந்துரும்."

அக்காளுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நடிக்கவில்லை. செத்த பையனுக்குத் தாய்மாமன் அவன், கோடி கொண்டுவராத மாமன். "தெருவே கதவடைக்க" என்று எடுத்தான். பெண்கள் தலையைக் குனிந்தார்கள். சாலம்மாள் ஆராயியின் தோளைக் கட்டிக்கொண்டாள். ஆராயியின் உதடு நடுங்கத் தொடங்கியது. வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று செங்கோடன் கண்ணில் தண்ணீர் வழிய, "சுண்ணாம்பு மெத்தையில" என்று குரலை உயர்த்தினான்.

குரல் கீச்சென்று ஏறி உடைந்தது.

கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அவள் பக்கத்திலிருந்தவளின் தோள் குலுங்கியது. அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அக்காளுக்கு வராமல் போய்விடும் என்று, "மாமன் வருவான்னு" என்று இன்னும் மனதைக் கொட்டிப் பாடினான். அது இன்னும் மோசமாக உடைந்தது. ஒருத்தி அடக்கமாட்டாமல் களுக்கென்றாள். அவ்வளவுதான், வாசல் முழுவதும் பற்றிக்கொண்டது. கெட்டவர்கள் அல்ல அவர்கள். அழ வந்தவர்கள். முகத்தை மூடிக்கொண்டு, ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்துகொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தார்கள். செங்கோடன் கண்ணீரோடு அக்காளைப் பார்த்தான்.

ஆராயியும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அது அவளுக்கே தெரிந்தபோது அவள் முகம் வெளுத்துப்போனது. கையை நீட்டித் தம்பியின் வாயைப் பொத்தினாள்.

"போதுஞ் சாமி, உட்டுரு" என்றாள். "எம் பையனுக்கு அழுவோணும்னு ஒக்காந்தவ நான். என்னையுஞ் சிரிக்க வெச்சுப்போட்டியே."